நீலக் கண்ணும் வட்ட அம்பும்

ஜோர்டானில், இர்பிது நகரின் பல்கலைக்கழகத் தெருவில், அபூ ரகத்தின் மென்பொருள் கம்பெனி வாசலில் ஒரே கூட்டம். கீழ்மாடிப் பல் வைத்தியர் வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார். ஷவர்மாக் கடைக்காரர் கத்தியோடு வந்திருந்தார். பின்னே என்ன, ஷேக் முத்லக் அல்லவா வருகிறார்! கம்ப்யூட்டருக்குள் புகுந்த ஜின்னை விரட்டுகிற மகான். பத்து நாளில் ஆறு கம்ப்யூட்டர்களுக்கு விமோசனம் கொடுத்தவர். அந்த ஆறின் முன்னாலும் உட்கார்ந்திருந்தவர்கள் பொறியியல் பட்டதாரிகள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நோய் இதுதான். பிரவுசரில் அரபு எழுத்துப்பிழை திருத்தும் எக்ஸ்டென்ஷன் ஒன்றை அங்கே செய்துகொண்டிருந்தார்கள். பழைய தலைமைப் பொறியாளர் துபாய்க்குப் போய்விட்டார். புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தன. எல்லாவற்றையும் முதலிலிருந்து நிறுவி, எக்ஸ்டென்ஷன் ஃபோல்டரை பிரவுசரில் ஏற்றினார்கள். முதல் தடவை ஓடியது. பிறகு நிரலில் எதை மாற்றினாலும் திரையில் பழையதே நின்றது. பச்சைப் பொத்தானைச் சிவப்பாக்கினால், அது பச்சையாகவே பல்லைக் காட்டியது. ஏன் என்று தேட யாருக்கும் நேரமில்லை. சாம்பிராணி வாங்க நேரமிருந்தது.

காரணத்தையும் ஷேக்கே கண்டுபிடித்துவிட்டார்: கண்ணேறு. புதுக் கம்ப்யூட்டர்கள் வந்த அதே வாரம் வேலைக்குச் சேர்ந்த ரனீமுக்கு நீலக் கண். நீலக் கண்தான் பொல்லாத கண் என்பது அந்த ஊர் நம்பிக்கை. போதாதா? கூட வேலை செய்கிறவர்கள் தேநீர்க் குவளையைக்கூட அவளுக்கு மறைத்துக் குடித்தார்கள். அபூ ரகத் வேலைநீக்கக் கடிதத்தை அச்செடுத்து வைத்துவிட்டார். வியாழக்கிழமை கையெழுத்து. இன்று வியாழன்.

ரனீமுக்கு ஒரு வருஷம் அலைந்து கிடைத்த வேலை இது. ஆனால் அவள் ஒன்றைக் கவனித்திருந்தாள். ஷேக் விரட்டிய ஜின், நிரலில் அடுத்த மாற்றம் செய்ததுமே திரும்பி வந்துவிடுகிறது. விரட்டும்போது எல்லோரும் கண்ணை மூட வேண்டும், இவள் வராந்தாவில் நிற்க வேண்டும், ஷேக் மட்டும் மவுசைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஜின்னுக்கு எதற்கு மவுஸ்?

இன்று அவளுடைய கம்ப்யூட்டரின் முறை. திரையில் நடப்பதையெல்லாம் பதிவு செய்யும் வசதியைத் தட்டிவிட்டு, நல்ல பிள்ளையாக வெளியே போனாள்.

புகை மண்டியது. எந்த ஊர் பாஷை என்று தெரியாத முணுமுணுப்பு கேட்டது. கண் திறந்தால் பொத்தான் சிவப்பு! கூட்டம் மாஷா அல்லாஹ் என்று உருகியது. அபூ ரகத் நீட்டிய பண உறையை ஷேக் அங்கிக்குள் செருகிக்கொண்டார்.

"ஜின்னு போயிருச்சு. ஆனா அந்தக் கண்ணு இங்க இருக்கற வரைக்கும் திரும்பத் திரும்ப வரும்" என்றார்.

அபூ ரகத் பேனாவை எடுத்தார். "மனசுல வச்சுக்காத மகளே. எனக்கு வேற வழி தெரியல."

"போடுங்க அபூ ரகத். அதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் இதப் பாருங்க."

ரனீம் திரையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பி, பதிவை ஓடவிட்டாள். திரையில் அம்புக்குறி மெல்ல நகர்ந்தது. எக்ஸ்டென்ஷன்கள் வரிசையாக இருக்கும் பக்கத்தைத் திறந்தது. இவர்களுடைய எக்ஸ்டென்ஷனுக்குக் கீழே இருந்த வட்ட அம்புப் பொத்தானை ஒரு தட்டுத் தட்டியது. அவ்வளவுதான் மகிமை. நிரலை மாற்றினால் ஃபோல்டரை மறுபடி படிக்கச் சொல்லி அதைத் தட்ட வேண்டும். பழைய பொறியாளர் அது தானாக நடக்கும்படி செய்து வைத்திருந்தார்.

மவுசை நகர்த்தியது ஜின்தான் என்று ஷேக் சாதித்தார். ரனீம் சிவப்பை மஞ்சளாக மாற்றி எழுதினாள். திரையில் சிவப்பே நின்றது.

"இப்ப ஓதுங்க ஷேக்கே. கைய மட்டும் மடியில வச்சுக்கங்க."

ஓதினார். வியர்த்தார். சிவப்பு அசையவில்லை. ரனீம் புகையுமில்லாமல் ஓதலுமில்லாமல் வட்ட அம்பைத் தட்டினாள். மஞ்சள். பல் வைத்தியர்தான் முதலில் சிரித்தார். ஷேக் உறையை மேசையில் போட்டுவிட்டுப் படியிறங்கினார்.

அபூ ரகத் கடிதத்தைக் கிழித்தார். இதெல்லாம் எங்களுக்கு எப்படித் தெரியும் என்று முனகினார்.

ரனீம் சொன்னாள்: "என் கண்ணு நீலம்னு வேலைய விட்டே தூக்கப் பாத்தீங்க. உங்க கண்ணெல்லாம் கறுப்புதானே, அத மூடச் சொன்னவன் எதுக்கு மூடச் சொல்றான்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"