ஓடாத குழாய்

“உங்க வீட்டுக்காரரோட குழாயால எங்க வார்டுக்கே கெட்ட பேரும்மா!”

“என்ன சொன்னீங்க?” என்றாள் மனைவி.

ஆஸ்பத்திரியின் தர மேம்பாட்டு அதிகாரி ஓர் எழுத்துப் பிசகாமல் அதையே திரும்பச் சொன்னார்.

விஷயம் இதுதான். அவள் கணவருக்குப் பித்தநாளம் அடைத்து, கண்ணும் நகமும் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரித்தது. மூன்று நாள் முன்பு விலாவில் துளை போட்டு, ஈரலுக்குள் மெல்லிய குழாய் ஒன்றை விட்டார்கள். பித்தம் சொட்டுச் சொட்டாகப் பையில் இறங்கியது. மனிதருக்குத் தூக்கம் வந்தது. அவளைக் குறை சொல்லும் தெம்புகூட வந்துவிட்டது.

இன்று பார்த்து, ‘குழாயில்லா வார்டு’ விருதுக்காக ஆய்வுக்குழு வருகிறது.

“குழாய் வழியாத்தாம்மா கிருமி தொத்துது. குழாயே இல்லேன்னா?”

“நோயாளியே இல்லேன்னா இன்னும் சுத்தமா இருக்குமே சார்.”

“அது அடுத்த வருஷத் திட்டம்” என்றார் அதிகாரி, சிரிக்காமல்.

“குழாயை எடுத்தா பித்தம் மறுபடி தேங்கிக் குளிர்ஜுரம் வரும்னு டாக்டர் சொல்லியிருக்காரே?”

“யாரு எடுக்கச் சொன்னா? விதி பதினாலு: ‘குழாய் எனப்படுவது, திரவம் ஓடிக்கொண்டிருக்கும் கருவி.’ ஓடலேன்னா அது குழாய் இல்ல, பிளாஸ்டிக்.”

நர்ஸ் வந்தாள். குழாய் நடுவே இருந்த மூன்று வழித் திருகை எந்தப் பக்கமோ திருப்பி மூடினாள். ‘குழாய்: இல்லை. பிளாஸ்டிக்: ஒன்று’ என்று பதிவேட்டில் ஏறியது.

“அரை மணி நேரம்தாம்மா. நானே வந்து திறக்கறேன். நீங்க கை வைக்காதீங்க, தப்பாத் திருப்பினா வம்பு.”

அந்த அரை மணி நேரம் நான்கு மணி நேரமாக வளர்ந்த பிறகு குழு வந்தது. கணவர் போர்வைக்குள் வெடவெடத்துக்கொண்டிருந்தார்.

“ஏன் இவருக்கு நடுங்குது?” என்றார் குழுத் தலைவர்.

“சந்தோஷம் சார்” என்றார் அதிகாரி.

விருது கிடைத்தது. கட்டிலுக்கு முன்னால் எல்லோரும் போட்டோவுக்கு நின்றார்கள்.

“நோயாளி குடும்பம் சார்பா நீங்களும் வாங்கம்மா. பேப்பர்ல வரும்.”

சண்டை போடத்தான் அவள் வாயைத் திறந்தாள். பேப்பர் என்றதும் கை தானாகத் தலைமுடியை ஒதுக்கியது. நடுவில் இடம் தந்தார்கள். பித்தம் இறங்கும் பை படத்தில் விழாமல் மறைக்க ஒரு பூங்கொத்தும் தந்தார்கள். அதை அவள் நேர்த்தியாகவே பிடித்தாள்.

முதுகுக்குப் பின்னால் பல் கிடுகிடுக்கும் சத்தம். ஒரு கையைப் பின்னால் நீட்டி அவர் காலைத் தொட்டாள். சுட்டது. திருகைத் திறக்கத் தெரிந்த நர்ஸ் முன்வரிசையில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

போட்டோக்காரர் எண்ணத் தொடங்கினார்.

“நர்ஸம்மா, அந்தத் திருகைத் திறந்து விடுங்களேன்” என்றாள் அவள், சிரிப்புக் கலையாமல், உதடு அசையாமல்.