வாண்டு வீட்டில் இருக்கும்போது

காலையிலிருந்து மூக்குக் கண்ணாடியைக் காணோம். அதைப் போட்டுக்கொண்டு தேட வேண்டிய சாமான்கள் வேறு நிறைய இருந்தன. பன்னிரண்டு மணிக்கு மகளும் மாப்பிள்ளையும் ஒன்றரை வயதுப் பேத்தியோடு வந்துவிடுவார்கள். புரூஃப் ரீடர் கூடத்தின் நடுவில் நின்று, கண்ணை இடுக்கிக்கொண்டு ஓர் அட்டைப்பெட்டியின் மூடியைப் படித்துக்கொண்டிருந்தார்.

அச்சகத்தில் முப்பத்தெட்டு வருஷம் பிழை திருத்தி ஓய்வு பெற்ற மனிதர். தெருவில் இன்றும் புரூஃப் ரீடர் என்றால்தான் தெரியும். ஊரார் எழுதியதில் ஒரு புள்ளி தவறினாலும் பிடித்துவிடுவார். சொந்தச் சட்டையில் பொத்தான் மாறியிருப்பது மட்டும் கண்ணில் படாது.

பெட்டியில் வருஷக் கடைசி விடுமுறைக்கு வீட்டை அலங்கரிக்கிற சாமான்கள் இருந்தன. கண்ணாடி உருண்டைகள், காகித நட்சத்திரங்கள், விளக்குச் சரம். அந்த நாட்களில் இவர் ஏணியில் நின்று கட்டுவார், மகள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பாள், மனைவி ஏணியைப் பிடித்துக்கொண்டு வைதுகொண்டே இருப்பாள். ஒரு வருஷம் நட்சத்திரத்தோடு கீழே விழுந்து மூன்று வாரம் கையில் கட்டுப் போட்டிருந்தார். அப்போதும் வைதுகொண்டேதான் சோறு ஊட்டினாள். அவள் போன பிறகு இரண்டு வருஷமாகப் பெட்டியைத் திறக்க அவருக்கு மனசு வரவில்லை.

மூடியின் உட்புறம் அவள் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. தலைப்பு, 'வாண்டு வீட்டில் இருக்கும்போது'.

மகள் சின்னவளாக இருந்தபோது மனைவி எழுதியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். மகளை வாண்டு என்று யாரும் கூப்பிட்டதாக ஞாபகமில்லை. ஆனால் அம்மாவும் பெண்ணும் அடுக்களையில் என்னென்னவோ பேசிச் சிரிப்பார்கள், இவர் தலையைக் கண்டால் நிறுத்திவிடுவார்கள். அந்தப் பாஷையில் வந்த பெயராக இருக்கும்.

எப்படியோ, தக்க சமயத்தில் கிடைத்தது. போன வாரம் மகள் போனில் கறாராகச் சொல்லியிருந்தாள்.

"அப்பா, குழந்தை எதையும் விட்டுவைக்க மாட்டேங்கறா. வீடு பத்திரமா இருந்தா பத்து நாள் இருப்போம். இல்லேன்னா மறுநாளே கிளம்பிடுவோம்."

இரண்டு வருஷமாக அந்த வீட்டில் ரேடியோ மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. பத்து நாளுக்காக அவர் தலைகீழாக நிற்கவும் தயார்.

முதல் வரி, 'ஏனியைப் பூட்டி வைக்கவும்.' மூன்று சுழி போட வேண்டிய இடத்தில் இரண்டு சுழி. பழகின கண் கண்ணாடி இல்லாமலே பிடித்துவிட்டது. சிவப்புப் பேனாவை எடுத்தவர், திரும்ப வைத்துவிட்டார். அவள் இனிமேல் புதுப் பிழை எதுவும் செய்யப் போவதில்லை. இருக்கிற ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும்.

ஏணியைப் பின்னறையில் தள்ளிக் கதவைச் சாத்தினார். சாத்தினால் தானே பூட்டிக்கொள்கிற கதவு. சாவி உள்ளே ஆணியில் தொங்குவது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது.

இரண்டாவது, 'கண்ணாடி உருண்டைகள் கைக்கு எட்டாத உயரத்தில்.' ஏணி இல்லாததால் நாற்காலி போட்டு ஏறினார். ஆடுகிற நாற்காலியில் நின்றபடி எட்டியது மின்விசிறி ஒன்றுதான். இறக்கைக்கு நாலாகப் பன்னிரண்டையும் கட்டி முடித்தார்.

மூன்றாவது, 'நாற்காலி மேல் ஏற விடக் கூடாது.' எல்லா நாற்காலிகளையும் கவிழ்த்து ஒன்றோடொன்று கயிறு போட்டுக் கட்டினார். நான்காவது, 'பிளக்கில் கை வைக்க விடக் கூடாது.' வீட்டிலிருந்த பிளக்குகளையெல்லாம் பிடுங்கி, ஓட்டைகளின் மேல் டேப் ஒட்டினார். ஃப்ரிட்ஜ் ஒரு தடவை குலுங்கி அடங்கியது. ஐந்தாவது, 'ஜன்னல் பக்கம் விடவே கூடாது.' ஜன்னல்களுக்கும் டேப் போட்டாயிற்று.

ஆறாவது வரிதான் கொஞ்சம் இடித்தது. 'அழுதால் ஒன்றும் கேட்காமல் ஒரு டம்ளர் காபி கொடுக்கவும்.' குழந்தைக்குக் காபியா? அந்தக் காலத்தில் கொடுத்திருப்பாள் போல என்று டம்ளரைக் கழுவி வைத்தார்.

அதற்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி. கண்ணாடி இல்லாமல் ஓர் எழுத்தும் பிடிபடவில்லை. மறுபடி ஒரு சுற்றுத் தேடினார். தலையணைக்கு அடியில், அரிசி டப்பாவுக்குள், செருப்புக்குள்கூடப் பார்த்துவிட்டார். அதற்குள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

மகள் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னப்பா இது, வீட்டுக்கு யாராவது சீல் வச்சுட்டாங்களா?"

"எல்லாம் பத்திரம்மா. பார்த்துப் பார்த்துப் பண்ணினது."

மாப்பிள்ளை அதிகம் பேசாதவர், யாருக்கும் தொந்தரவு கொடுக்கப் பிடிக்காதவர். உட்கார நாற்காலி இல்லை, காற்று வர ஜன்னல் இல்லை. கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவரே போய் விசிறியைப் போட்டார்.

முதல் சுற்றில் உருண்டைகள் அழகாகத்தான் சுற்றின. மூன்றாவது சுற்றில் நாலா பக்கமும் பறந்தன. ஒன்று கடிகாரத்தில், ஒன்று ரேடியோவில், மற்றவை சுவர்களில். கூடம் முழுக்கக் கண்ணாடிச் சில்லு. வாசற்படியில் அம்மா இடுப்பிலிருந்த குழந்தை மட்டும் கைதட்டி, "இன்னும்" என்றது.

புரூஃப் ரீடர் மூலையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எல்லாம் அவள் ஒவ்வொன்றாகப் பார்த்து வாங்கியவை. பத்து நாளும் அவற்றோடு போயிற்று. அவருக்குக் கண்ணில் நீர் முட்டியது, மறைக்கவும் தோன்றவில்லை.

"கிளம்பிடாதேம்மா. அம்மா எழுதி வச்சபடியேதான் பண்ணினேன். ஒரு வரி விடலை."

மூடியை நீட்டினார். மகள் வாங்கிப் படித்தாள். தலைப்பைப் பார்த்ததுமே உதடு துடித்தது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குப் புரியவில்லை. மூடியையும் குழந்தையையும் கணவனிடம் கொடுத்துவிட்டு, சில்லுகளை ஒரு பக்கமாகப் பெருக்கித் தள்ளிக்கொண்டே அடுக்களைக்குப் போனாள்.

ஒரு டம்ளர் காபியோடு திரும்பி வந்தாள். பால் திரிந்திருந்ததால் கறுப்புக் காபி. ஒன்றும் கேட்கவில்லை.

"குடிங்கப்பா. பத்து நாளைக்குத் துணி எடுத்துட்டு வந்திருக்கேன்."

அவர் ஒரு வாய் குடித்தார். உயிர் வந்தது. கூடவே பழைய தொழிலும் வந்தது.

"மாப்பிள்ளை, கடைசில பொடியா ஒரு வரி இருக்கு பாருங்க. முக்கியமான எச்சரிக்கையா இருக்கும். என் கண்ணாடி வேற காலையிலேர்ந்து காணோம். கொஞ்சம் படிங்களேன்."

மாப்பிள்ளை மூடியை வெளிச்சத்துக்குத் திருப்பினார். வரியை ஒரு தடவை பார்த்தார், மாமனாரை ஒரு தடவை பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி வாசித்தார்.

"'வாண்டு மூக்குக் கண்ணாடியைத் தேட ஆரம்பித்தால், நெற்றியில் தடவிப் பார்க்கச் சொல்லவும்.'"