பத்து எண்ணத் தெரியாத அப்பா

பெருமதிப்புக்கும் பாசத்துக்கும் உரிய அக்காவுக்கு, தம்பி பணிவோடு எழுதுவது. நானும் உன் தம்பி பெண்டாட்டியும் பாப்பாவும் உடல்நலத்தோடு இருக்கிறோம். நீயும் மாமாவும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்த வீட்டில் நலமில்லாமல் கிடப்பது என் மரியாதை ஒன்றுதான்.

வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தைகளின் பெற்றோருக்குப் பயிற்சி என்று விண்ணப்பம் வாங்கி, நீயே நிரப்பி, என் கையெழுத்தையும் ஏறக்குறைய நீயே போட்டு அனுப்பினாயே, அதற்குத்தான் ஐந்து சனிக்கிழமையாகப் போய்வருகிறேன். அப்பா அம்மா இருவரும் கட்டாயம் வர வேண்டுமாம், குழந்தையை அழைத்து வரக் கூடாதாம். "அப்ப பாப்பாவ எங்கங்க விடறது?" என்று கேட்டேன். "அது ஏழாவது வாரப் பாடம் சார்" என்றார் பயிற்சி தரும் பெண். அதுவரை கீழ்வீட்டுத் தையல்கார அம்மாவிடம் விட்டுப் போகிறோம். பயிற்சி நடப்பது ஒரு மழலையர் பள்ளியில். நாற்காலிகளும் மழலையருக்கானவை. உட்கார்ந்தால் முழங்கால் காதுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது, எழுந்தால் நாற்காலியும் கூடவே எழுந்து வருகிறது. கழுத்தில் ஓர் அட்டை, 'பாப்பா அப்பா' என்று. ஒழுங்காக வீட்டுப்பாடம் செய்த பெற்றோருக்கு அதில் நட்சத்திரம் ஒட்டுகிறார்கள். உன் தம்பி பெண்டாட்டிக்கு ஐந்து. எனக்கு இன்னும் வெறும் அட்டை. ஒருநாள், எங்களோடு பயிற்சிக்கு வரும் மரக்கடைக்காரர் ஒருவரைக் குழந்தையாக நடிக்கச் சொன்னார்கள். அடம்பிடித்துத் தரையில் படுக்க வேண்டும், நான் சமாதானப்படுத்த வேண்டும். மனிதர் படுத்தார், குறட்டையே விட்டுவிட்டார். அவருக்கு இரட்டைக் குழந்தைகள், தூங்கி எத்தனை நாளாயிற்றோ பாவம். எழுப்ப மனம் வராமல் நாங்கள் எல்லோரும் கிசுகிசுத்தே மீதிப் பாடத்தை முடித்தோம். அவருக்கும் ஒரு நட்சத்திரம்!

நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளன் என்பதை அவர்களிடம் சொல்லாமல் விட்டது உன் தப்பு. இரண்டாவது வாரம், "குழந்தை செய்யறத எல்லாம் நீங்க வார்த்தையில சொல்லிக்கிட்டே இருங்க" என்றார் அந்தப் பெண். அட, இது நம் தொழில்தானே என்று வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன். "கவனிக்கவும். பாப்பா, சமையலறையிலிருந்து கூடம் வழியாகக் கட்டிலடிக்கு, இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்." மாடிவீட்டுக்காரர் கையில் பெட்டியோடு இறங்கி ஓடிவந்தார். அன்று அவர் ஊருக்குப் போவதாக இருந்ததாம், பாதித் தூக்கத்தில் நிலையத்துக்கே வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டாராம். சரி, அதையாவது செய்துகொண்டிருந்தேன். மூன்றாவது வாரம், "சொன்னதுக்கப்புறம் பத்து எண்ணுங்க சார். பேசாம இருங்க. பதில் சொல்ல அவளுக்கு நேரம் குடுங்க" என்கிறார். அக்கா, என் ஒலிபெருக்கி பத்து நொடி சும்மா இருந்தால் மேலாளர் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பார். பதினெட்டு வருடப் பழக்கம் இது. மூன்று எண்ணுவதற்குள் வாய் தானாக அடுத்த வண்டியைச் சொல்லிவிடுகிறது. போன சனிக்கிழமை எல்லோர் முன்னாலும் அந்தப் பெண், "சார், நீங்க பாப்பாவுக்கு வழியே விடமாட்டேங்கறீங்க" என்று சொல்லிவிட்டார். என் வயதில் பாதிகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு! நாற்காலியோடு எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கிறதா, டாக்டர் முதன்முதலில் 'வளர்ச்சித் தாமதம்' என்றபோது நான், "எவ்வளவு நேரம் தாமதம் டாக்டர்?" என்று கேட்டுவிட்டேன். உன் தம்பி பெண்டாட்டி தொடையில் கிள்ளினாள். நீ இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாய். எங்கள் நிலையத்தில் தாமதம் என்றால் வண்டி வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். ரத்து என்றால்தான் வராது. டாக்டர் ரத்து என்று சொல்லவில்லை. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு வருடமாக ஓட்டுகிறேன். பாப்பாவுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. இதில் நான்தான் வழியை மறித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால் எனக்கு எப்படி இருக்கும், சொல்.

ஆகவே, உடனே அவர்களிடம் பேசி எங்கள் பெயரை எடுத்துவிடச் சொல். பாதியில் நின்றால் இடம் வேறு யாருக்கோ போய்விடும், எட்டாம் வாரத்திலிருந்து பாப்பாவுக்குத் தரப்போகும் பேச்சுப் பயிற்சியும் போய்விடும், எல்லாம் தெரியும். உன் தம்பி பெண்டாட்டியிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. மாமாவுக்கு என் வணக்கம், உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
நட்சத்திரமில்லாத தம்பி

பின்குறிப்பு: உறையை நக்கி ஒட்டிக்கொண்டிருந்தேன். பாப்பா என் செருப்பைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே நின்றாள். வாயில் பசை, நாக்கு உறையில். பேச வழியில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளும் பார்த்தாள். பத்து நொடி இருக்கும், அக்கா, என் ஆயுளில் முதல் பத்து நொடி. செருப்பைக் கீழே வைத்துவிட்டு, மூக்கால், அப்படியே என் ஆபீஸ் குரலில், "பொறப்படும்" என்றாள். உன் தம்பி பெண்டாட்டி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்தாள். "யாரு? நீங்களா?" என்றாள். நான் இல்லையென்று தலையை ஆட்டிப் பாப்பாவைக் காட்டினேன். நாங்கள் இருவரும் அழுததைப் பார்த்துப் பாப்பா பயந்து கட்டிலடிக்குப் போய்விட்டாள். உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். யாரிடமும் எதுவும் பேசிவிடாதே. சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் அந்தக் குட்டி நாற்காலியில் இருப்பேன். மேற்கண்ட கடிதம் ரத்து செய்யப்படுகிறது. பாப்பா தாமதம் மட்டுமே.