வாசலில் நின்ற வினைச்சொல்

பிழையில்லாமல் பேசுகிறவர்கள் என்று ஓர் இனம் உண்டு. அவர்கள் பேசி நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள், வாயைத் திறந்தால்தானே?

கொல்லிமலை அரியூர் நாட்டு யுவராஜையே எடுத்துக்கொள்ளுங்கள். போன வருஷத்து மிளகையெல்லாம் விற்று, சுற்றுலாக்காரர்கள் தங்கட்டும் என்று வீட்டோடு ஓர் அறை கட்டினார். கட்டிய நாளிலிருந்து அதில் பல்லி மட்டும்தான் தங்கியது. நாமக்கல்லில் இருக்கும் மைத்துனன் இளங்கோ, "மாமா, ஸ்பெயின்காரங்க புருஷன் பொண்டாட்டி வாராங்க. ஊடு புடிச்சிருந்தா ஒரு வாரம் தங்குவாங்க," என்று போனில் சொன்னதுதான் தாமதம், மனிதர் ஸ்பானிஷ் படிக்க உட்கார்ந்துவிட்டார்.

நேராக ஒரு 'வா'வைப் படித்தாரா? அதுதான் இல்லை. கோழியைக்கூட 'போங்க சாமி' என்று விரட்டுகிற ஊர். விருந்தாளியை மொட்டையாகக் கூப்பிடலாமா? அந்த மொழியில் மரியாதைக்கு வினைச்சொல்லின் வாலையே மாற்ற வேண்டுமாம். 'அர்' என்று முடிகிற சொல் 'ஏ' வாங்கிக்கொள்ளும், 'எர்', 'இர்' என்று முடிகிறவை 'ஆ' வாங்கிக்கொள்ளும். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்தம்தான். உள்ளே வருவதற்கு 'பாஸார்'. வந்தவர் ஒருவர் என்றால் 'பாஸே', இருவர் என்றால் 'பாஸென்'. மரவள்ளிக்குக் களையெடுக்கும்போதும், பல் துலக்கும்போதும், மனைவி சுகுணா உப்பு வாங்கிவரச் சொல்லும்போதும் யுவராஜ் வால் மாற்றிக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க, 'வாங்க'ன்னு சிரிச்சாப் போதாதுங்களா?" என்றாள் சுகுணா.

"தப்பாச் சொன்னா மலைக்கே கேவலம்."

அவர்கள் வந்தபோது சுகுணா மரவள்ளிக் காட்டில் இருந்தாள். வாடகை பைக்கை நிறுத்திவிட்டு இருவரும் வாசலில் நின்று சிரித்தார்கள். யுவராஜ் எழுந்தார். 'அர்'... வாலை வெட்டு... 'ஏ'... ஆனால் இரண்டு பேர்... அந்த அம்மாள் ஏதோ கேட்டார். நினைத்தது கலைந்துவிடுமே என்று யுவராஜ் உள்ளங்கையை உயர்த்திக் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்சம் பொறுங்கள் என்று அர்த்தம். அது அவர்களுக்கு எப்படித் தெரியும்? இடமில்லை போலிருக்கிறது என்று கைகூப்பிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள்.

"பாஸென்!"

அடடா, என்ன உச்சரிப்பு! ஒரு குற்றம் சொல்ல முடியாது. கேட்கத்தான் ஆளில்லை.

காட்டிலிருந்து வந்த சுகுணா, "அவிங்க எங்கீங்க?" என்றாள்.

"போயிட்டாங்க. ஆனா கடைசியில சரியாச் சொல்லிட்டேன்."

அவள் அந்தப் புது அறைக்குள் போனாள். கட்டிலில் விரித்திருந்த புதுப் போர்வையை மடித்தாள். அழுகை வந்துவிட்டது, பாவம்.

சிரிக்காதீர்கள். சண்டை போட்ட அண்ணனிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தீபாவளிக்குத் தீபாவளி வார்த்தை தேடுகிறீர்களே, நீங்கள் மட்டும் வேறு இனமா? தேடுங்கள், தேடுங்கள். நடுவில் ஒரு தடவை கண்ணைத் திறந்து, அவர் இன்னும் வாசலில் நிற்கிறாரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.