அரைத் தலை

மனிதரை முழுதாகப் பார்ப்பது வீண் சிரமம் என்று உலகுக்கு முதலில் உணர்த்திய பெருமை, தென்காசியில் இருந்த எங்கள் நெசவாளர் சங்கத்துக்கே உரியது. குற்றாலத்து வைத்தியர் வீட்டில் 'இன்னிக்கு ரெண்டு முட்டி, ஒரு இடுப்பு வந்திருக்கு' என்பார்கள். விடுதியில் 'இருபது தலை இறங்கியிருக்கு' என்பார்கள். அவர்களெல்லாம் வாய்ப்பேச்சோடு விட்டுவிட்டார்கள். நாங்கள்தான் அதைத் தீர்மானம் போட்டுப் பதிவேட்டில் ஏற்றினோம். கல்யாணமான ஆண் 'தலை'. நெய்கிறவர் 'கை'. தின்ன மட்டும் தெரிந்தவர்கள் 'வாய்'. சங்கத்து எழுத்தரான என்னைப் 'பேனா' என்றே கூப்பிடுவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கணவனை இழந்தவள்? அதற்கும் ஊர் வழக்கம் இருந்தது. வரி பிரிக்கும்போது அவள் வீட்டுக்குப் பாதி வரி. ஆகவே அவள் 'அரைத் தலை'. எவ்வளவு கருணை பாருங்கள்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் சாரல் அளவுமீறிப் பெய்து, தறிக்குழிகளில் எல்லாம் தண்ணீர் நின்றது. சர்க்கார் மனமிரங்கி, குழி தேவைப்படாத சட்டத் தறிகள் பன்னிரண்டை இலவசமாக அனுப்பியது. தலைக்கு ஒன்று என்று தீர்மானித்தோம். தறி மூழ்கிய தலைகளுக்குப் பதினொன்று போக ஒன்று மிஞ்சியது.

அதைக் கேட்டு ஹைருன் பீவி வந்து நின்றாள். புருஷன் மசூது இறந்த நாளிலிருந்து அவன் தறியில் உட்கார்ந்து மூன்று பெண்பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றி வந்தவள். தறி மூழ்கிப் பத்து நாளாக அடுப்பு சரியாக எரியவில்லை என்றாள்.

சங்கத் தலைவர் நல்லதம்பி அண்ணாச்சி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு விதிகளை விளக்கினார். தறியை அறுத்துப் பாதி கொடுக்க முடியாதாம்.

"நான் என்னம்மா செய்ய? ஒனக்கு முழுத் தலை இல்லையே."

அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அப்பம் இதுக்குள்ள இருக்கது என்ன அண்ணாச்சி?"

கமிட்டி இந்தக் கேள்வியை ஒரு மணி நேரம் ஆராய்ந்தது. இலத்தூரில் சொக்கம்மாள் என்று இன்னொரு அரைத் தலை இருப்பதால், இரண்டையும் கூட்டி ஒன்றாக்கலாம் என்றார் உறுப்பினர் முகம்மது மீரான். வெவ்வேறு ஊர் அரைகள் ஒட்டாது என்று அண்ணாச்சி தீர்ப்புச் சொன்னார்.

"போன மாசம் ஒங்களத் தலைவராக்கக் கை தூக்குனேனே," என்றாள் ஹைருன் பீவி. "அத அரைக் கைன்னா எண்ணுனீய?"

அண்ணாச்சி இருமினார். 'விவாதம் முடிவுற்றது' என்று நான் குறிப்பில் எழுதினேன்.

தறி அண்ணாச்சியின் மகன் வேல்சாமிக்குப் போயிற்று. பையன் தறியைத் தொட்டறியாதவன். ஆனால் வைகாசியில் கல்யாணமாகி, அப்பழுக்கில்லாத முழுத் தலை ஆகியிருந்தான். தறியை ஓட்ட ஆள் வேண்டுமே? ஹைருன் பீவியையே கூலிக்குக் கூப்பிட்டார்கள். பிள்ளைகளின் பசி அவளை அனுப்பிவைத்தது.

புரட்டாசியில் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். துணியைத் தடவிப் பார்த்துப் பூரித்து, வேல்சாமிக்கு மாலை போட்டார். அவனும் கூச்சமில்லாமல் கழுத்தை நீட்டினான். பக்கத்தில் தறி ஓடிக்கொண்டே இருந்தது.

நெய்தது யார் என்று அதிகாரி என்னைக் கேட்டார். பதிவேட்டைத் திறந்து வாசித்தேன்: 'தலை, வேல்சாமி. கை, ஒன்று.' அவருக்குப் பரம திருப்தி. தறிச் சத்தம் மட்டும் சட்டென்று நின்றது.

எங்கள் பதிவேட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது. தலைக்கு ஒரு கட்டம், கைக்கு ஒரு கட்டம், வாய்க்கு ஒரு கட்டம். முகத்துக்கு மட்டும் கட்டம் கிடையாது. கட்டம் போட்டவன் நான்தான். அதையும் போட்டிருந்தால், அன்றைக்கு அவளை நிமிர்ந்து பார்க்க வேண்டி வந்திருக்குமே.