தானியேலும் தானியங்கியும்

எட்டு மாதம் மல்லுக்கட்டிச் சரிபண்ணிய கியரை, ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் கையாலேயே கெடுத்துவிடுவது என்று தானியேல் தீர்மானம் பண்ணினார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் பெண்டாட்டியைக் கேட்காமல் அவர் எடுத்த முதல் தீர்மானம் அது. கடைசித் தீர்மானமும் அதுதான், பாவம்.

காரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மெட்ராஸில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் டிரைவராக இருந்தவர் தானியேல். துரை கப்பலேறும்போது, நீயே வைத்துக்கொள் என்று கொடுத்துவிட்டுப் போன பழைய அமெரிக்கக் கார். கிளட்ச் கிடையாது. கியர் தானாகவே மாறும். கும்மிடிப்பூண்டியில் அதை முதன்முதலாகப் பார்த்தவர்கள், மூன்று மிதிக்கட்டை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதானே இருக்கிறது, எந்தப் படுபாவி ஒன்றைக் கழற்றிக்கொண்டு போனானோ என்று வருத்தப்பட்டார்கள்.

பத்து வருஷம் ஒழுங்காக ஓடியது. எழுபத்து நாலாம் வருஷம் மக்கர் பண்ண ஆரம்பித்தது. முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாறுகிற நேரத்தில் எஞ்சின் மட்டும் ‘ஊ’வென்று கத்தும், கார் வேகம் எடுக்காது. அப்புறம் யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்த மாதிரி ஒரு குதி குதிக்கும்.

"இந்த கியருக்கு இன்னா பேருய்யா சொன்ன?" என்று கேட்டாள் அவர் மனைவி ஞானம்மா.

"ஆட்டோமேடிக்."

"செரியாத்தான் பேரு வெச்சிருக்கான். ஆடுது, மாட்டிக்குது."

தானியேல் வைத்தியத்தில் இறங்கினார். கியர் எண்ணெயைத் தொட்டு மோந்து பார்த்தார். தீய்ந்த வாடை இல்லை. அப்படியானால் உள்ளே இருக்கிற பிளேட்டுகள் பிழைத்துக் கிடக்கின்றன. அளவுக்குச்சியை உருவிப் பார்த்தார், எண்ணெய் நிறைய இருந்தது. ஏழாவது மாதம்தான் புத்தி வந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுப் பார்க்கக் கூடாது, சூடேறி ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் குச்சியின் நுனி மட்டும்தான் நனைந்தது! எண்ணெய் ஊற்றினார், பாதி வியாதி போயிற்று. மீதிப் பாதி, ஆக்சிலேட்டரிலிருந்து கியர் பெட்டிக்குப் போகிற ஒரு மெல்லிய ராடில் இருந்தது. நட்டு தளர்ந்து, ராடு இருக்க வேண்டிய அளவில் இல்லை. அளவு வைத்து முடுக்கினார். கியர் மாறுவதே தெரியவில்லை. கவரைப்பேட்டை வரை தன்னந்தனியாக ஓட்டிப்போய், ஒரு டீ குடித்துவிட்டு, கண் கலங்கத் திரும்பி வந்தார்.

வாசலில் ஞானம்மா நின்றாள்.

"செரியாயிடுச்சா?"

"ஆயிடுச்சிமே! சும்மா தண்ணி மாதிரி போவுது!"

"எட்டு மாசமா பழவேற்காட்டுக்கு இட்டுக்கினு போன்னு கேட்டேன். கியரு செரியாவட்டும், செரியாவட்டும்னு சொல்லிக்கினே இருந்த. செரியானதும் என்ன ஏத்துனியா நீ?"

தானியேலுக்கு அது தோன்றவே இல்லை.

"செரி உடு. பள்ளிப்பட்டுலேர்ந்து லோகநாதன்னு ஒரு வெவசாயி ஞாயித்துக்கெழம வராரு. அவருக்குக் குடுத்துடறோம்."

"ஐயையோ! இன்னாத்துக்கு?"

"எனக்குக் கொட்டாய் காலியாவணும். தொழிற்பேட்டைக்கு ரயில்ல வந்து எறங்கற ஜனம் அத்தினியும் நாஷ்டாவுக்கு அல்லாடுது. இட்லிக் கடை போடப் போறேன். இது கொட்டாயில நின்னுக்கினு பெட்ரோல குடிக்குது. இது போனா நாலு பேரு வந்து காப்பி குடிப்பான்."

சொல்லிவிட்டு உள்ளே போனவள், விரலை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"ஒண்ணு சொல்றேன் கேட்டுக்கோ. அந்த ஆளு எஞ்சினு கிஞ்சினு ஒண்ணியும் பாக்க மாட்டாராம். கியரு மாறுதான்னு மட்டுந்தான் பாப்பாராம். அதுக்கோசரம் நீ கியரத் தொட்டுக்கிட்டு வெச்சிடாத, ஆமா!"

"சேச்சே! நான் ஏன் தொடறேன்?" என்றார் தானியேல். தீர்மானம் பிறந்தது அந்த நிமிஷத்தில்தான்.

ஞாயிற்றுக்கிழமை வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டார். ஞானம்மா பைபிளோடு கோயிலுக்குக் கிளம்பித் தெருமுனை திரும்பியதும், காருக்கடியில் புகுந்து அந்த நட்டைத் தளர்த்தினார். எட்டு மாச வேலையைக் கெடுக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கோயிலுக்குப் போகாத பாவம், பொய் சொன்ன பாவம், நல்ல கியரைக் கெடுத்த பாவம். எஞ்சினுக்காவது ஏதாவது புண்ணியம் செய்வோம் என்று பிளக்குகளைக் கழற்றித் தேய்த்தார். கார்புரேட்டரைக் கழுவினார். எஞ்சின் புதுசு மாதிரி ஓடியது.

பதினோரு மணிக்கு ஞானம்மாவும் வந்தாள், லோகநாதனும் வந்தார்.

"ஸ்டார்ட் பண்ணு நைனா," என்றார் லோகநாதன். எஞ்சின்மேல் காதை வைத்துக் கேட்டார். "நல்லா கீதே!"

"எஞ்சின உடுங்க, கியரப் பாருங்க!" என்று அவரை உட்காரவைத்துத் தானியேல் வண்டியை எடுத்தார். ‘ஊ’வென்று ஒரு கத்தல், அப்புறம் ஒரு குதி. லோகநாதன் தலை கூரையில் முட்டியது.

"பாத்தீங்களா? இது தேறாது. மெட்ராஸ்லகூட இத்த பாக்க ஆளு கெடையாது. மனசாட்சியோட சொல்றேன், வாங்காதீங்க."

லோகநாதன் தலையைத் தடவிக்கொண்டார். "கியரு எனக்கு இன்னாத்துக்கு நைனா? என் கெணறு எங்கியும் போவப் போறதில்லியே."

"கெணறா?"

"கொல்லையில கரண்டு இல்ல. இந்த எஞ்சின கெணத்து மேட்டுல உக்கார வெச்சி, பம்ப மாட்டித் தண்ணி எறைக்கணும். காரு வாங்கறேன்னு யாரு சொன்னா?"

தானியேல் திரும்பிப் பார்த்தார். வாசலில் நின்ற ஞானம்மா வானத்தைப் பார்த்தாள்.

"எஞ்சினும் சொகமில்லீங்க, பிஸ்டன் போயிடுச்சி!" என்று கடைசியாக ஒரு குண்டைப் போட்டார் தானியேல்.

"போன பிஸ்டனா இந்தப் பாட்டு பாடுது?" என்று லோகநாதன் சிரித்தார்.

எஞ்சின் லாரியில் பள்ளிப்பட்டுக்குப் போயிற்று. மிச்ச உடம்பைப் பழைய இரும்புக்காரன் இழுத்துப்போனான். கொட்டகையில் எண்ணெய்க் கறை மட்டும் மிஞ்சியது. அதையும் ஞானம்மா சாணி போட்டு மெழுகிவிட்டாள். பிளக்கைத் தேய்த்த கையை வெட்டிப்போடலாமா என்றிருந்தது தானியேலுக்கு. அதைவிடப் பெரிய வருத்தம் ஒன்று உள்ளே அரித்தது. கார் நன்றாக ஓடிய அந்த ஒரு நாள், அவளை முன்சீட்டில் உட்காரவைத்துப் பழவேற்காட்டுக்குப் போயிருக்கலாம். போயிருந்தால் கார் நின்றிருக்குமோ என்னவோ, அவள் முகமாவது மலர்ந்திருக்கும்.

ஒரு வாரம் பொறுத்தார். ஞானம்மா இட்லிக் கடைக்கு மாவு ஆட்டிக்கொண்டிருக்கும்போது அவருக்குத் தாளமுடியவில்லை.

"ஞானம், உன்ன இட்டுக்கினு போவாதது தப்புதாம்மே. இன்னொரு தப்பும் பண்ணிட்டேன். அந்த கியர நான்தான் கெடுத்தேன்."

"தெரியும்."

"தெரியுமா?"

"எஞ்சின பாக்க வராருன்னு சொல்லியிருந்தா எஞ்சினத் தொலைச்சிருப்ப. அதான் கியரச் சொன்னேன்," என்றாள் ஞானம்மா, கல்லைச் சுற்றியிருந்த மாவை வழித்துத் தள்ளிக்கொண்டே. "அந்த வண்டியா ஆட்டோமேடிக்கு? நீதான்யா ஆட்டோமேடிக்கு. தொடாதன்னு ஒரு வார்த்த சொன்னா போதும், தானா போய்த் தொடற!"