வெள்ளிமலை ரோட்டில் ஒரு பிட்காயின்

தமிழ்நாட்டிலேயே தன் பெயரைச் சொந்த ஊருக்குத் தெரியாமல் காப்பாற்றிய ஒரே மனிதர் எங்கள் ஓடிபி அண்ணன்தான். கள்ளக்குறிச்சியில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் நான் மூன்று வருஷம் ஆபீஸ் வேலை பார்த்தேன். அங்கே கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர். எனக்குப் பக்கத்து நாற்காலி. ஆனாலும் அவர் பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. சம்பள ரெஜிஸ்டரில்கூடக் கையெழுத்து என்று ஒரு புழுவைத்தான் விட்டுவிட்டுப் போவார்.

எதைச் சொன்னாலும் கடைசியில் "யார்கிட்டயும் சொல்லிடாத" என்று முடிப்பார். போனில் வரும் ஓடிபி மெசேஜும் அதையேதான் சொல்கிறது என்பதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. மணி கேட்டால் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "பத்தே கால். யார்கிட்டயும் சொல்லிடாத" என்பார்.

ஒருமுறை ரிஷிவந்தியம் கோயிலுக்குப் போனோம். குருக்கள் பேரும் நட்சத்திரமும் கேட்டார். "சாமி பேருக்கே பண்ணிடுங்க" என்றார் அண்ணன். வெளியே வந்ததும் எனக்கு மட்டும் விளக்கம்: "பின்னாடி நாலு பேரு நின்னுக்கினு இருக்கான். பேரும் நட்சத்திரமும் குடுத்தா பாதி ஜாதகம் போச்சு தம்பி. மீதிய அவனே கண்டுபுடிச்சிக்குவான்."

இப்பேர்ப்பட்ட மனுஷன் பிட்காயின் வாங்கக் கிளம்பினார்.

ஆசை நியாயமானதுதான். இருபது வருஷமாக அடுத்தவர் காரில், இடது சீட்டில், பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவர். பழசாக இருந்தாலும் சொந்தமாக ஒரு கார் வாங்கித் தனியாகக் கற்றுக்கொடுக்க வேண்டும். அதற்குச் சேர்த்ததை எங்கே வைப்பது? சீட்டுப் போட்டால் தெருவுக்கே தெரியும். நகையாக வாங்கினால் மச்சினன் வந்து நிற்பான். "பிட்காயின்தான் தம்பி சரி. நம்ம போன்ல நம்ம பெட்டி. ஒரு ஈ காக்காவுக்குத் தெரியாது."

"வெலை ஏறும், எறங்கும்ணா."

"மலை ரோட்ல நான் இன்னா பண்ணிக்கினு இருக்கேன்?"

ஆனால் ஆப் திறந்ததும் அது கேட்டது ஆதார், பான் கார்டு, முகம். அண்ணனுக்கு அந்த முகமே செத்துவிட்டது. "ரகசியமா வாங்கறதுக்கு எல்லாத்தையும் சொல்லணுமா? இன்னாடா நியாயம் இது?" சட்டப்படி வாங்கினால் அவர்களிடம் சொல்லித்தான் ஆகவேண்டும், ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று ஒருவழியாகப் புரியவைத்தேன். இதற்கென்று தனி சிம், தனி இமெயில் எல்லாம் தயார் செய்தார். மறுநாள் பட்டப்பகலில் ஸ்கூல் காரைப் புளியமரத்தடியில் நிறுத்தி, கண்ணாடிகளுக்கு உள்ளேயிருந்து செய்தித்தாள் ஒட்டிவிட்டு, இங்கிலீஷ் படித்துச் சொல்ல என்னைப் பக்கத்தில் உட்காரவைத்தார். பெயர் வந்த இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னார். முகத்தைத் திருப்புங்கள், கண்ணைச் சிமிட்டுங்கள் என்றது ஆப். "ஊர்ல ஒருத்தர்கிட்டகூட கண்ணடிச்சது கெடையாது. போன்கிட்ட அடிக்க வெச்சிட்டாங்களே" என்று புலம்பிக்கொண்டே அடித்தார். கதவைத் திறந்தால், பேப்பர் ஒட்டிய காருக்குள் என்னவென்று பார்க்கத் தெருவே கூடி நிற்கிறது.

அண்ணனுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஆதார் ஜெராக்ஸ் எதற்குக் கொடுத்தாலும், எதற்காக என்று குறுக்கே எழுதிவிடுவார். இதற்கும் சிவப்பு மையில், கொட்டை எழுத்தில், "பிட்காயின் வாங்குவதற்கு மட்டும்" என்று எழுதிப் படம் பிடித்து அனுப்பினார். ஆப் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் அசல் அட்டையைத்தான் அனுப்ப வேண்டியிருந்தது. அந்த ஜெராக்ஸை யாரும் பார்க்காத இடமாகப் பார்த்து, ஆபீஸ் பழைய பேப்பர் கட்டுக்குள் செருகி வைத்தார். அந்தக் கட்டை மறுநாள் எதிர் டீக்கடைக்கு எடைக்குப் போட்டவன் நான். சத்தியமாக எனக்குத் தெரியாது.

சாயங்காலம் டீக்கடை அக்கா சாலையைத் தாண்டிக் கேட்கிற மாதிரி கத்தினார். "இன்னாண்ணா, பிட்காயின் வாங்கறீங்களாமே! எனக்கும் ரெண்டு வாங்கியாங்க. நல்லா இருந்தா அப்பறம் ஜாஸ்தி வாங்கிக்கலாம்!" ஆட்டோக்காரர் ஒருவர் கையில், பஜ்ஜிக்கு அடியில், அண்ணன் சிரித்துக்கொண்டிருந்தார். பெயர்மேல் மட்டும் சட்னி கொட்டியிருந்தது. அந்த அளவில் அதிர்ஷ்டம்.

அன்றிலிருந்து காகிதம் அவருக்கு ஜென்ம எதிரி. வாங்கிய பிட்காயினை வைக்கிற பெட்டி வேறொரு ஆப். அது பன்னிரண்டு இங்கிலீஷ் வார்த்தைகள் கொடுக்கும். போன் தொலைந்தாலும் அவற்றை வரிசை மாறாமல் அடித்தால் பெட்டி திறக்கும். ஒன்று தப்பினாலும் அவ்வளவுதான். எந்த ஆபீசில் மனு கொடுத்தும் பிரயோஜனமில்லை. எழுதிவைத்திருந்த அந்தத் தாளை அண்ணன் கொளுத்திவிட்டார். இது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எனக்கு அப்போது தெரிந்ததெல்லாம் அவருடைய புதுப் பாடம்தான். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் ரோட்டில் பன்னிரண்டு வளைவுகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு இங்கிலீஷ் பெயர் வைத்தார். அந்த வளைவு வந்ததும் பெயரைக் கத்தி ஹாரன் அடிக்க வேண்டும். "கத்தினாதான் வளைவு மனசுல நிக்கும்" என்பார். முதல் வளைவு டைகர். ஒன்று டாங்கி, கழுதை என்று தன்னைத்தான் சொல்கிறார்கள் என எதிரே வந்த பஸ் டிரைவர் இறங்கிச் சண்டைக்கு வந்துவிட்டார். இன்னொன்று ஹஸ்பண்ட். அந்த வளைவில் பெண்கள் கத்திய உற்சாகம் மலையெல்லாம் எதிரொலித்தது. நானும் அந்தச் சமயத்தில்தான் கற்றேன். கடைசி வளைவின் பெயரைக் கத்திக்கொண்டே காரை மரவள்ளிக் கொல்லைக்குள் இறக்கினேன்.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வகுப்பு முடிந்து எல்லோரும் மேகம் அருவிக்குப் போயிருந்தோம். யாரோ சுற்றுலா வந்தவர்கள் செல்ஃபி எடுத்தார்கள். அதன் ஓரத்தில்கூடத் தன் முகம் விழுந்துவிடக் கூடாதென்று அண்ணன் படாரென்று குனிந்தார். சட்டைப் பையிலிருந்த போன் தண்ணீருக்குள் போய்விட்டது.

"போன்தானே, விடுங்கண்ணா" என்றார்கள் எல்லோரும். அவர் பாறைமேல் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் என் காதில் முழுக்கதையையும் சொன்னார்: தாளைக் கொளுத்தியது, அந்தப் பன்னிரண்டு வார்த்தைகளையும் வளைவுகளுக்குப் பெயராக வைத்தது, எல்லாம்.

"சரி, அந்த வார்த்தையெல்லாம் இருக்குல்ல? வேற போன்ல போட்டுடலாம்."

"டைகருக்கு அப்பறம் வரிசை வரல தம்பி. கத்தினது நீங்க. நான் பிரேக்க பாத்துக்கினு இருந்தேன். காரு போச்சு தம்பி."

எனக்கும் பாதி வார்த்தைகள் முன்பின்னாகத்தான் வந்தன.

மறுநாள் காலையில் அண்ணன் ஆபீஸ் போனிலிருந்து எங்கள் பழைய மாணவி தமிழ்ச்செல்விக்கு போன் போட்டார். ரேஷன் கடையில் வேலை. கடையில் எந்தக் கார்டு யாருடையது என்று நம்பரோடு சொல்லக்கூடிய பெண். "உனக்கு ஒரு கிளாஸ் ஃப்ரீம்மா. பழைய மாதிரியே கத்திக்கினு ஓட்டணும்" என்றார்.

அவள் ஓட்டினாள். அண்ணன் இடது சீட்டில் நோட்டும் பேனாவுமாக. நான் பின்னால். "டைகர்!" ஹாரன். எழுதினார். "டாங்கி!" எழுதினார்.

"இன்னாங்கண்ணா எழுதறீங்க?"

"உன் தப்பெல்லாம். ரோட்ட பாரும்மா."

பதினொன்று வந்துவிட்டது. பன்னிரண்டாவது வளைவில் ஓர் ஆட்டு மந்தை. தமிழ்ச்செல்வி ஹாரன் அடித்து, அழகாக ஒதுக்கி, ஒரு ஆட்டின் வால்கூடப் படாமல் தாண்டிவிட்டாள். வாயை மட்டும் திறக்கவில்லை.

"பேரு இன்னாம்மா?"

"மறந்துட்டேங்கண்ணா. அதான் ஆரன் அடிச்சனே, போதாதா?"

அண்ணன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். உதவி என்று யாரிடமும் கேட்காத மனிதர். இப்போதும் வாயால் கேட்கவில்லை. மற்றது மறந்தாலும், மரவள்ளிக் கொல்லைக்குள் விழுந்த வளைவை நான் மறப்பேனா? முன்னால் குனிந்து அவர் காதில் மட்டும் சொன்னேன். எழுதினார். காரை ஓரம் கட்டச்சொல்லி, புதுப் போனில் பன்னிரண்டையும் அடித்தார். பெட்டி திறந்துகொண்டது. அண்ணன் என் கையைப் பிடித்தவர் கச்சிராயபாளையம் வரும்வரை விடவில்லை. இறங்கும்போது சொன்னார்: "அந்தக் கடைசி வார்த்தைய யார்கிட்டயும் சொல்லிடாத தம்பி."

ராத்திரியே எல்லாவற்றையும் வேறு பெட்டிக்கு, வேறு பன்னிரண்டு வார்த்தைகளுக்கு மாற்றிவிட்டார். அடுத்த வருஷம் கார் வந்தது. சொந்தமாக ஸ்கூலும் ஆரம்பித்தார். பெயர்ப்பலகை கிடையாது, அப்படியும் கூட்டம் தாங்கவில்லை.

அந்தப் பழைய வார்த்தைகளால் இன்றைக்கு எதுவும் திறக்காது. பெட்டி காலி என்று அவரே சொல்லிவிட்டார். என் மனைவி எத்தனையோ தடவை கேட்டும் அந்தக் கடைசி வார்த்தையை நான் சொன்னதில்லை. உங்களுக்கும் சொல்ல மாட்டேன். யாரையும் நம்பாத அந்த மனுஷன் ஒருத்தனை நம்பினார், அது நான்.